பெயரற்றோரின் குருதி

விஞ்ஞானத்தின் வரலாற்றைத் தனிமனிதரின் வரலாறாகக் கூறும் வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பாடநூலில் ஒரு படம். அதன் கீழ் ஒரு பெயரும் ஓர் ஆண்டும். மாணவன் அவற்றை மனனஞ் செய்து பரீட்சைத் தாளில் எழுதிவிடுகிறான். அமெரிக்க விஞ்ஞானி பரூக் புளும்பேர்க்கின் (1925–2011) வாழ்க்கையை நோக்குமிடத்து, இவ்வழக்கம் எத்தனை மனிதரை மறைத்துவிடுகிறது என்பது புலனாகும்.

புளும்பேர்க் வைத்திய மாணவராயிருந்த காலத்தில், அன்று ஒல்லாந்தர் ஆட்சிக்குட்பட்டிருந்த சுரினாமிலே, மொயெங்கோ என்னும் சுரங்க நகர வைத்தியசாலையிற் சில மாதங்கள் பணியாற்றினார். கரும்புத் தோட்டங்களுக்காக ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும், இந்தியாவிலிருந்தும் யாவாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டோரின் சந்ததியினர் அந்நாட்டில் அருகருகே வாழ்ந்தனர். யானைக்கால் நோய்ப் புழு இவர்களனைவரையும் ஒரே அளவிற் பற்றவில்லை என்பதை அவர் கண்டார். ஒரே சூழலில் வாழும் மனிதருள் சிலரை நோய் பற்றுவதும் சிலரை விட்டுவிடுவதும் ஏன்? இவ்வினாவே அவரது ஆராய்ச்சி முழுவதற்கும் வித்தாயிற்று.

விடை தேடி, உலகின் பல பாகங்களிலிருந்தும் குருதி மாதிரிகளைத் திரட்டினார். பல தடவை இரத்தம் ஏற்றப்பட்டவரின் உடலில், பிறர் குருதியிலுள்ள புதிய பொருள்களை இனங்காணும் பிறபொருளெதிரிகள் தோன்றியிருக்கும் என்பது அவர் கருத்து. 1963இல், குருதி உறையாமை நோயுற்ற நியூயோர்க்வாசி ஒருவரின் சீரம், அவுஸ்திரேலிய ஆதிக்குடி ஒருவரின் சீரத்தோடு தாக்கமுற்றது. அங்கு காணப்பட்ட பொருளுக்கு ‘அவுஸ்திரேலிய அன்டிஜன்’ என்று பெயரிட்டனர். நாட்டின் பெயர் நிலைத்தது. குருதி தந்தவரின் பெயர் வரலாற்றில் இடம்பெறவில்லை. மக்கள் தொகையைக் கணக்கிடும்போது ஆதிக்குடிகளைச் சேர்க்கலாகாது என்ற விதி, 1967 வரை அந்நாட்டு அரசியலமைப்பில் இருந்தது என்பதையும் இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

1964இல் புளும்பேர்க் பிலடெல்பியாவிலுள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். 1967இல் அவரது ஆய்வுகூடத்தில் உதவியாளராயிருந்த பெண்ணொருத்தி நோயுற்றாள். அவள் தன் குருதியைத் தானே பரிசோதித்தபோது, முன்பு இல்லாத அந்த அன்டிஜன் இப்போது தோன்றியிருந்தது. அடுத்து அவளுக்குச் செங்கமாரி கண்டது. ஈரலழற்சி ‘பி’ வைரசின் புறவுறையே அப்பொருள் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1969இல் புளும்பேர்க்கும் ஏர்விங் மில்மனும் நோய்காவிகளின் குருதியிலிருந்தே அவ்வுறைத் துணிக்கைகளைப் பிரித்தெடுத்துத் தடுப்பு மருந்தாக்கும் முறையை வகுத்தனர். 1976இல் புளும்பேர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வைரசு பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றினால், பெரும்பாலும் ஆயுள் முழுதும் ஈரலிலே தங்கிவிடுகிறது. பல்லாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக முற்றவுங் கூடும். தாய்வானில் 22,707 ஆடவரைத் தொடர்ந்து அவதானித்த பாமர் பீஸ்லி குழுவினர் 1981இல் வெளியிட்ட ஆய்வு இதனை ஐயந்திரிபற நிறுவிற்று: ஈரற் புற்றுநோய் கண்ட 41 பேரில் 40 பேர் இவ்வைரசின் காவிகள்.

இவ்வரலாற்றை வகுப்பிலே நாம் விளக்கியபோது, மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், இரத்தம் குடுத்த ஆக்களுக்கு அந்த ஊசி கிடைச்சதோ?” என்று கேட்டாள். பாடத்திட்டத்தில் இல்லாத வினா. ஆயினும் இதனிலும் சிறந்த வினாவை நாம் வகுப்பறையிற் கேட்டதில்லை.

1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அம்மருந்தின் மூன்று ஊசிகளுக்கு ஏறத்தாழ 100 டொலர் விலை வைக்கப்பட்டது. நோய் மலிந்திருந்ததோ ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் வாழ்ந்த வறிய மக்களிடையே. சந்தையின் கணக்கில் அவர்கள் வாங்குவோர் அல்லர். அரசு பொறுப்பேற்ற இடத்தில் நிகழ்ந்தது வேறு. தாய்வான் 1984இல் குழந்தைகளுக்குத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கிற்று. 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளில் இலட்சத்துக்கு 0.70 ஆக இருந்த ஈரற் புற்றுநோய், 1990–94 காலப்பகுதியில் 0.36 ஆகக் குறைந்தது. ஒரு புற்றுநோயைத் தடுப்பூசியாற் குறைக்கலாம் என்பதற்கு இதுவே முதற் சான்று. நம் நாட்டிலும் 2003 முதல் இது குழந்தைகளுக்கு இலவசமாக வழங்கப்படுகிறது. தோட்டத்து லயத்திற் பிறந்த பிள்ளைக்கும் கொழும்பு மாளிகையிற் பிறந்த பிள்ளைக்கும் ஒரே ஊசி. இலவச சுகாதாரம் என்பதன் பொருள் இதுதான்.

ஆயினும் மாணவியின் வினா இன்னமும் முற்றாக விடை பெறவில்லை. 2022இல் ஈரலழற்சி ‘பி’யினால் ஏறத்தாழ 11 இலட்சம் பேர் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. பிறந்தவுடன் இட வேண்டிய ஊசி அவ்வாண்டில் ஆபிரிக்கப் பிராந்தியத்தின் குழந்தைகளில் நூற்றுக்குப் பதினெண்மருக்கே கிடைத்தது. மருந்தின் விலை இன்று மிகக் குறைந்துவிட்டது. பிரசவிக்கும் தாயின் அருகே அதனைக் கொண்டுசெல்லும் மருத்துவிச்சியும், அதைக் குளிராகப் பேணும் வசதியும், அவற்றுக்குப் பணம் ஒதுக்கும் அரசும் வேண்டும்.

புளும்பேர்க்கின் பெயரை மாணவர் அறியட்டும். அவர் அதற்குத் தக்கவரே. அத்துடன், பெயரறியப்படாத அந்த ஆதிக்குடியையும், நியூயோர்க் நோயாளியையும், ஆய்வுகூடப் பெண்ணையும் அவர்கள் அறிய வேண்டும். குருதி தந்தோரின் பிள்ளைகளுக்கு அதன் பயன் தானமாகவன்றி உரிமையாகச் சேர வேண்டும் என்பதையும் சேர்த்தே நாம் கற்பிப்போம்.