படகில் வந்த பொய்

கதை கட்டுவது என் தொழில். அப்படியிருந்தும், யாரோ கட்டிவிட்ட கதை ஒன்றில் நானே ஏமாந்து போனேன்.

2024 ஜூலை 29-ஆம் தேதி. இங்கிலாந்தில் சௌத்போர்ட் என்ற கடற்கரை ஊர். நடன வகுப்புக்குள் நுழைந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன் கத்தியால் குத்தினான். மூன்று சிறுமிகள் இறந்தார்கள். மாலைக்குள் அவனுக்கு ஓர் அராபியப் பெயரும், முந்தின வருஷம் படகேறி வந்த அகதி என்ற பூர்வகதையும் கிடைத்துவிட்டன. கைபேசியில் அதைப் படித்துவிட்டு, "அகதிக்கு இடம் கொடுத்தால் இப்படித்தான்" என்று மனைவியிடம் சொன்னேன். இன்னும் நாலு பேரிடமும் சொன்னேன். பிறகல்லவா தெரிந்தது, பையன் வேல்ஸில், கார்டிப் நகரில் பிறந்தவன் என்று! பெயரும் படகும் வெறும் கற்பனை.

மறுநாள் இரவு ஒரு கும்பல் அவ்வூர் மசூதியைத் தாக்கியது. விடிந்ததும் ஊர் ஜனங்கள் துடைப்பமும் செங்கலுமாக வந்து, இடிந்த சுவரை எழுப்பிக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 7-ஆம் தேதி, கலகக்காரர்கள் வரப்போவதாகப் பேச்சு அடிபட்ட ஊர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் திரண்டு நின்றார்கள். பல இடங்களில் கலகக்காரர்கள் தலைகாட்டவே இல்லை. வருஷக்கணக்காகப் படகுகளைக் காட்டிப் பயமுறுத்திய பத்திரிகைகள்கூட, மறுநாள் அந்த ஜனங்களின் படத்தை முதல் பக்கத்தில் போட்டன.

"அன்று நான் சொன்னது தப்பு" என்றேன் மனைவியிடம்.

"1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த உங்கள் தாத்தாவுக்கும் வழியில் யாரோ இடம் கொடுத்துத்தானே இருப்பார்கள்?" என்றாள் அவள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, அந்த நாலு பேரையும் பார்க்கப் புறப்பட்டேன்.