கூகுள் பொத்தானும் சிவகாசி விலைப்பட்டியலும்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கத்துப் பட்டாசுக் கடைகளின் இணையதளங்களுக்கு உயிர் வந்துவிடும். கம்பி மத்தாப்பு, தரைச்சக்கரம், பூச்சட்டி என்று விலைப்பட்டியல் நீண்டுகொண்டே போகும். எதிரே எண்ணிக்கையைப் போட்டால் கீழே மொத்தத் தொகை கூடும். பல தளங்களில் கடைசியில் ஒரு குறிப்பும் இருக்கும்: உச்ச நீதிமன்றத்தின் 2018 உத்தரவுப்படி இணையத்தில் நேரடி விற்பனை இல்லை, தேவையை அனுப்புங்கள், போனில் அழைத்துப் பேசுகிறோம் என்று. மின்வணிக நிறுவனங்கள் பட்டாசுக்கு இணைய ஆர்டர் வாங்கக் கூடாது என்று 23.10.2018 அன்று வந்த உத்தரவுதான் அது.

இப்படி ஒரு தளம் செய்யும்போது கடைக்காரர் கேட்கக்கூடிய விஷயங்களில் ஒன்று, "கூகுள் வழியாக நுழைக" பொத்தான். எல்லாத் தளத்திலும் இருக்கிறதே, நம்மிடமும் இருக்கட்டுமே! சரி, அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது?

மண்டிக்குப் புதிதாக வரும் வியாபாரிக்கு யாரும் எடுத்தவுடன் கடன் தர மாட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் "இவர் நம்ம ஆள்தான்" என்று சொன்னால் கணக்குத் திறக்கும். கூகுள் பொத்தானும் அதே வேலையைத்தான் செய்கிறது. வாடிக்கையாளர் தன் கடவுச்சொல்லைக் கடைக்காரரிடம் கொடுப்பதில்லை. கூகுளிடம் காட்டுகிறார். கூகுள் கடைக்காரருக்கு ஓர் அறிமுகச் சீட்டு அனுப்புகிறது. இந்த ஏற்பாட்டின் அடிப்படை ஓஆத் 2.0. அது ஆர்.எஃப்.சி. 6749 என்ற எண்ணில் 2012 அக்டோபரில் வெளிவந்தது. "யார் இவர்" என்று சொல்லும் பகுதியான ஓப்பன் ஐடி கனெக்ட் 2014இல் சேர்ந்தது.

அமைப்பது பெரிய வித்தை இல்லை. கூகுள் கிளவுட் பக்கத்தில் ஒரு திட்டம் தொடங்கி, வாடிக்கையாளர் பார்க்கும் ஒப்புதல் திரையை நிரப்ப வேண்டும். தளத்துக்கு ஓர் அடையாள எண்ணும் ஒரு ரகசியச் சாவியும் கிடைக்கும். சீட்டை எந்த முகவரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். வாடிக்கையாளர் சம்மதித்ததும் கூகுள் அந்த முகவரிக்கு ஒரு தற்காலிகக் குறியீட்டை அனுப்பும். தளத்தின் சர்வர் அதையும் ரகசியச் சாவியையும் காட்டி உண்மையான டோக்கனை வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான்.

தவறுகள் நடக்கும் இடங்கள் சின்னவை. திரும்பும் முகவரி எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் கதவு திறக்காது. ரகசியச் சாவி சர்வரிலேயே இருக்க வேண்டும், பக்கத்தின் நிரலில் தெரியக் கூடாது. போன கோரிக்கைக்குத்தான் பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க 'ஸ்டேட்' என்ற மதிப்பை ஒப்பிட வேண்டும். வாடிக்கையாளரை மின்னஞ்சல் முகவரியை வைத்து அடையாளம் காணக் கூடாது. முகவரி மாறலாம், ஒரு நிறுவனத்தில் வேறொருவருக்கே போய்விடலாம். டோக்கனில் 'சப்' என்று வரும் எண்தான் மாறாதது.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு, தேவைக்கு மேல் அனுமதி கேட்பது. வணிகவியல் படிப்பவர்களுக்குப் பொது அதிகாரப் பத்திரத்துக்கும் தனி அதிகாரப் பத்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஒரு வீட்டை விற்க மட்டும் அதிகாரம் கொடுப்பது வேறு, சகலத்துக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது வேறு. கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரத்தில் நடந்தது இரண்டாவது வகைக்குப் பக்கம். ஃபேஸ்புக் கணக்கால் நுழையும் ஒரு வினாடி வினாச் செயலி, நுழைந்தவரின் நண்பர்கள் விவரத்தையும் சேர்த்து எடுத்தது. 2018 ஏப்ரலில் ஃபேஸ்புக் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் வெறும் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர்! கையெழுத்துப் போட்டவர் ஒருவர், சொத்து போனது ஊருக்கே.

அறிமுகம் செய்பவர் ஊரில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். 04.10.2021 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டது. அந்த வருடம் தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது. ஃபேஸ்புக் பொத்தான் ஒன்றை மட்டுமே வாசலாக வைத்திருந்த எந்தத் தளத்துக்கும் அன்று சீசன் நேரத்தில் கடை பூட்டியதுபோல்தான்.

சிவகாசிக்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. இந்த வியாபாரம் நடப்பது கைப்பேசி எண்ணிலும், சரக்கு இறங்கும் ஊரின் பெயரிலும். கூகுள் பொத்தான் சாதாரணமாகத் தருவது பெயர், மின்னஞ்சல், படம் மட்டும். எண்ணை எப்படியும் தனியாகக் கேட்டாக வேண்டும். எண்ணை ஓடிபி அனுப்பிச் சரிபார்க்கலாமென்றால், குறுஞ்செய்திக்குக் காசு, டிஎல்டி பதிவு என்று சின்னக் கடைக்கு அலைச்சல். வருடத்தில் ஒருமுறை வாங்குகிறவருக்குக் கணக்கே தேவையில்லை. பெயர், எண், ஊர் கேட்கும் ஒரு படிவம் போதும். வருடம் முழுக்க வாங்கும் மொத்த வியாபாரிக்குப் பழைய பில்களைப் பார்க்கக் கணக்கு வேண்டும். பொத்தான் அவருக்கு உதவும், கூடவே இன்னொரு வழியும் திறந்திருந்தால்.

கடைசியாக, வாங்குகிறவர் மறக்கக் கூடாத விஷயம். தீபாவளி நேரத்தில் போலிப் பட்டாசுத் தளங்கள் பற்றிக் காவல்துறை எச்சரிப்பது வழக்கமாகிவிட்டது. அத்தகைய தளத்திலும் கூகுள் பொத்தான் இருக்கலாம். வைப்பதற்குக் காசில்லை, அரை நாள் வேலை. அந்தப் பொத்தான் வாங்குகிறவர் யார் என்று கடைக்குச் சொல்கிறதே தவிர, கடை யாருடையது என்று வாங்குகிறவருக்குச் சொல்வதில்லை. அதற்கு உரிம எண்ணைக் கேட்க வேண்டும், ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும்.

அறிமுகச் சீட்டு ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தது. மறுபக்கத்தை நாம்தான் விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும்.