விருந்தாளிகளோடு கல்வராயன் மலைக்கு!

சென்னையிலிருந்து உறவினர்கள் இரண்டு நாள் தங்க வருகிறார்கள். நீங்கள் வாழ்வதோ சின்னசேலம் போன்ற சிற்றூரில். கடற்கரை இல்லை, கண்காட்சி இல்லை. 'இவர்களை எங்கே அழைத்துச் செல்வது?' என்ற கவலைதானே முதலில் எழும்? எனக்கும் எழுந்தது. கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி என்பதை அந்த இரு நாள்களே எனக்குக் கற்பித்தன.

என் தமக்கையார் குடும்பம் எழும்பூரில் இரவு வண்டி ஏறி, விருத்தாசலம் வழியாக, ஃபஜ்ருக்கு முன்பே நம் ஊரில் வந்திறங்கியது. சனிக்கிழமை பிள்ளைகளை ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு அழைத்துச் சென்றேன். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலை வடித்துப் படியவைத்து, அந்த மாவை மணிகளாக உருட்டி, வறுத்து உலர்த்துகிறார்கள். பாயசத்தில் மிதக்கும் முத்துகள் மண்ணுக்கடியில் விளைந்த கிழங்கு என்பதைப் பிள்ளைகளால் நம்பவே முடியவில்லை!

அஸருக்குத் திரும்பினோம். காலையில் அடுப்படியில் நின்ற என் மனைவி அப்போதும் அங்கேயே நின்றிருந்தார். நெய்ச்சோறும் தால்ச்சாவும் மணந்தன. உண்டு மகிழ்ந்தோம். இரவில் மறுநாள் பயணம் குறித்துப் பேசுகையில், "கரியாலூர் எப்படி இருக்கும்?" என்று தமக்கையார் என் மனைவியிடம் கேட்டார்.

"நான் இன்னும் பார்த்ததில்லை அக்கா."

பதினெட்டு ஆண்டுகளாக இவ்வூரில் குடும்பம் நடத்துகிறோம். எத்தனையோ விருந்தினரை நான் மலைக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், திரும்பி வருவோரின் பசிக்காக அவர் வீட்டிலேயே தங்கிவிட்டிருக்கிறார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது ஈமானின் அடையாளம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் மேடைதோறும் சொல்கிறோம். வீட்டாருக்குச் சிரமமாகும் அளவு விருந்தாளி தங்கலாகாது என்றும் அதே பெருமானார்தாம் போதித்தார்கள். வானவர்கள் விருந்தினராக வந்தபோது நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் தாமே சென்று உணவைக் கொண்டுவந்து முன்வைத்ததாகத் திருமறை கூறுகிறது. உபசரிப்பு முழுவதையும் பெண்களின் தோளில் ஏற்றிவிட்டு, அதன் புகழை மட்டும் நாம் பெற்றுக்கொள்வது எவ்வகையில் நியாயம்?

ஞாயிறு விடியலில் தமக்கையாரே அடுப்படியில் நுழைந்தார். புளிச்சோறும் அவித்த முட்டையும் போதும் என்று முடிவாயிற்று. பொட்டலம் கட்டும் வேலை எனக்கும் மச்சானுக்கும். வீட்டைப் பூட்டிக்கொண்டு அனைவரும் வேனில் ஏறினோம்.

கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணை. கல்வராயன் மலையில் பெய்யும் மழைதான் இங்கே தேங்கி வயல்களுக்குப் பாய்கிறது. அதைக் கடந்ததும் மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. வழியிலேயே பெரியார் அருவி. மேலே வெள்ளிமலை, கரியாலூர். இங்கு வாழும் மலையாளி எனும் பழங்குடி மக்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பர். 1976 வரை இம்மலை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மணிமுடி இதுவே எனலாம்.

மழைக்குப் பின் செல்வோர் ஒன்றை நினைவிற்கொள்க: அருவிப் பாறைகள் வழுக்கும், பிள்ளைகளைக் கைவிடாதீர்கள். கூட்டம் சேருமுன் காலையிலேயே சென்றால் பெண்களுக்கும் வசதி.

என் மனைவி ஓடும் நீரில் பாதங்களை வைத்து வெகுநேரம் நின்றார். "இவ்வளவு பக்கத்திலா இருந்தது!" என்றார். அவர் குறைசொல்லவில்லை, எனக்குத்தான் சுட்டது.

கரியாலூரில் லுஹர் தொழுதோம். மச்சான் இமாமாக நின்றார். முஸாஃபிரான அவர் இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்தார். ஊர்க்காரர்களான நாங்கள் எழுந்து மீதி இரண்டையும் நிறைவேற்றினோம். விருந்தாளிக்குச் சலுகை உண்டு. வீட்டாருக்குக் கடமை கூடுதல்தான். ஆனால் அந்த மீதியை என் மனைவி மட்டும் தனியே நிறைவேற்றவில்லை. ஒரே பாறையில் எல்லோருமாகவே எழுந்து நின்றோம்.

ஆகவே வாசகர்களே, அடுத்த முறை விருந்தினர் வரும்போது வண்டியில் இருக்கைகளை எண்ணுங்கள். முதல் இருக்கையை உங்கள் வீட்டு அடுப்படியில் நிற்பவருக்கு ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைப் பகிர்ந்துகொள்ளுங்கள். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களிலும் உறவுகளிலும் பரக்கத் பொழிவானாக! ஆமீன்.