பெயருக்குள் இருக்கும் ஊர்

சரித்திரம் என்றால் ராஜாக்களுடைய சமாசாரம் என்றுதான் நம்மில் பலருக்கு எண்ணம். வீட்டுக் கதையை அதில் சேர்ப்பதில்லை. தூத்துக்குடியில் பர்னாந்து, கொரேரா, மோத்தா என்று பெயர் கொண்ட குடும்பங்களோடு எனக்குப் பழக்கம் உண்டு. இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், "பரம்பரைப் பெயர், சார்" என்பதோடு இளைஞர்கள் நிறுத்திக்கொள்வார்கள். உள்ளேயிருந்து பாட்டிதான் குரல் கொடுப்பாள்: "நாமெல்லாம் புன்னைக்காயல்காரங்கல்லா!"

முத்துக்குளிப்பை ஒட்டி எழுந்த சண்டையில் போர்த்துகீசியர் துணையை நாடி, 1530-களில் பரதவர்கள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்போது வந்து ஒட்டிக்கொண்ட பெயர்கள் இவை. ஆக, வீட்டு வாசலில் தொங்கும் பெயர்ப் பலகையே ஊர்ச் சரித்திரத்தின் ஒரு வரிதான்.

தாமிரபரணி கடலில் கலக்கும் அந்தச் சிற்றூரில், 1586-ல் அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' தமிழில் அச்சேறியது என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. அதன் பிரதி ஒன்று இருப்பதோ வத்திக்கான் நூலகத்தில்! ஊரைவிட்டுப் போனது மனிதர்கள் மட்டுமல்ல.

புத்தகமாவது பத்திரமாக இருக்கிறது. பாட்டியின் கதைக்கு நூலகம் ஏது? கோவில் பதிவேட்டில் குழந்தையின் பெயர், தேதி, பெற்றோர், ஞானப் பெற்றோர் எல்லாம் கிடைக்கும். எந்தத் தோணியில் தாத்தா போனார், எந்த வருஷத்துப் பஞ்சத்தில் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தார்கள் என்பது கிடைக்காது. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பும் இல்லை. குளித்தவர்களைக் கண்ணால் கண்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பதிவேட்டை அடுத்த வருஷமும் புரட்டலாம். பாட்டியிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடுவது நல்லது.