யதீமின் பெயரால் ஒரு வழக்கு

எங்கள் வீடு கோட்டக்குப்பத்தில். குயிலாப்பாளையத்தில் அத்தாவுக்கு ஒரு முந்திரித் தோப்பு இருந்தது. எனக்கு 11 வயதும் தங்கைக்கு 6 வயதும் ஆனபோது அத்தா மவ்த்தானார்கள். பாட்டனார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். தோப்பில் எட்டில் ஒரு பங்கு அம்மாவுக்கு. மீதி எங்கள் இருவருக்கும். மேற்பார்வை செய்துவந்த பெரியத்தா, ‘மைனர்களின் கார்டியன்’ என்று தாமே கையெழுத்திட்டு எங்கள் பங்கை விற்றுவிட்டார்கள். ஆரோவில் உருவான பிறகு அப்பக்கத்துச் செம்மண்ணுக்கு விலை ஏறியிருந்த காலம் அது.

அம்மா நியாயம் கேட்டபோது, “தாய் சொத்துக்குக் கார்டியன் ஆக முடியாது, உனக்கு வழக்குப் போட உரிமை ஏது?” என்று உறவினர் வாயடைத்தனர். அதை நம்பி ஓராண்டு காலம் அழுதே கழித்தார்கள்.

திண்டிவனத்து வக்கீல் ஒருவர்தாம் கண்ணைத் திறந்தார். உறவினர் சொன்னது பாதி உண்மை. முஸ்லிம் சட்டப்படி தந்தையும், அவருக்குப்பின் அவர் நியமித்தவரும், பாட்டனாரும், இவர்கள் இல்லாதபோது நீதிமன்றம் நியமிப்பவருமே சொத்துக்குக் கார்டியன். ஆகவே தாய் மைனரின் நிலத்தை விற்க இயலாது. 1918இல் இமாம்பந்தி வழக்கில் பிரிவி கவுன்சிலின் சார்பில் நீதிபதி அமீர் அலி அளித்த தீர்ப்பு இதுவே. ஆனால் அதே விதி பெரியத்தாவையும் கட்டுப்படுத்துமே! மைனருக்காக அண்ணன் ஒப்பமிட்ட குடும்ப ஏற்பாடு செல்லாது என்று 1952இல் உச்ச நீதிமன்றமும் தீர்த்திருக்கிறது.

விற்பது வேறு, வழக்காடுவது வேறு. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 32இன்படி, மைனரின் பெயரிலேயே வழக்குத் தொடரலாம். அவருக்காக நிற்பவரை ‘நெக்ஸ்ட் பிரெண்ட்’ என்பார்கள். வயது வந்தவராய், சித்த சுவாதீனமுள்ளவராய், மைனரின் நலனுக்கு எதிரான நலன் இல்லாதவராய் இருந்தால் போதும். மைனர் பிரதிவாதியானால், அவருக்கு ஒரு காப்பாளரை நீதிமன்றமே நியமிக்க வேண்டும்.

அம்மா எங்களுக்காக நின்றார்கள். இடையில் சொற்பத் தொகை தருவதாகச் சமரசப் பேச்சு வந்தது. களைத்துப்போயிருந்த அம்மா இசைந்துவிட்டார்கள். ஆனால் நீதிமன்றத்தின் அனுமதியின்றி மைனரின் வழக்கில் சமரசம் செய்ய முடியாது. அது பிள்ளைக்கு நன்மை என்று வக்கீலும் சான்று தர வேண்டும். எங்கள் வக்கீல் மறுத்துவிட்டார். அன்று எங்களைக் காத்தது அந்த விதிதான்.

மார்க்கத்தில் பருவமடைந்தவர் பாலிகு. சொத்து வழக்கிலோ 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது. அந்த வயது வந்ததும் வழக்கைத் தொடர்வதா, விடுவதா என்று நானே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. பெருநாளன்று வீடு தேடி வந்த பெரியத்தாவுக்கு அம்மா சோறு பரிமாறினார்கள். அவர்கள் போன பின், “முடிவு உன்னுடையது. உன் தங்கையையும் நினைத்துக்கொள்” என்றார்கள். மறுவாரமே என் பெயரில் தொடர மனுச் செய்தேன். தங்கைக்காக அம்மாவே நின்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது.

சகோதரிகளே! 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மைனருக்கு அவகாசம் தருகிறது. ஆயினும் அச்சலுகை 18 வயது நிறைந்தபின் மூன்றாண்டைத் தாண்டாது. பிள்ளை வளரட்டும் என்று வாளாவிருக்காதீர்கள்.

யதீம்களின் சொத்தை, அவர்கள் பக்குவம் அடைந்ததும் சாட்சிகள் முன்னிலையில் ஒப்படைக்குமாறு திருமறையின் அந்நிஸா அத்தியாயம் பணிக்கிறது. அந்த அமானிதம் பேணப்பட்டிருந்தால், எங்கள் அம்மா ஏழாண்டு காலம் கோர்ட்டுப் படி ஏறியிருக்க வேண்டியதில்லை.