திருத்துபவரின் பெயரும் கீழே வரும்

கடந்த வருடம் ஓர் இரவு என் தங்கை கணனித் திரையைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அவள் கணனி படித்தவள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதிக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பியிருந்தாள். 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்தக் கரு, இன்று நம் கையிலுள்ள அன்ட்ரோயிட் தொலைபேசிக்குள்ளும் இருக்கிறது. உலகின் பல மூலைகளிலிருந்தும் பலர் அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். அத்திருத்தத்தைப் ‘பட்ச்’ என்பார்கள். கிழிந்த சட்டைக்கு நாம் போடும் ஒட்டுப் போன்றதுதான்.

அவளுடைய ஒட்டு இரண்டே வரி. ஒரு வேலைக்காக நினைவகத்தில் இடம் எடுக்கப்படுகிறது. வேலை இடையில் தவறினால் அந்த இடம் திருப்பிக் கொடுக்கப்படாமல் வீணாகிறது. அதைத்தான் அவள் சரிசெய்திருந்தாள். பரிசீலித்தவரின் பதில் சுருக்கமாக இருந்தது: மாற்றம் ஏன் தேவை என்ற விளக்கம் போதாது, இதே பிழை கீழே இன்னோரிடத்திலும் உண்டு, இரண்டையும் திருத்தி மீண்டும் அனுப்பவும்.

“இவ்வளவு கஷ்டப்பட்டதுக்கு ஒரு நன்றிகூட இல்லையா?” என்று கோபப்பட்டேன்.

“அக்கா, அவர் பிழை எண்டது என்னை இல்லை, அந்த வரியை. முழுக்க வாசிச்சபடியால்தானே மற்ற இடத்தையும் கண்டுபிடிச்சவர். ஏற்றுக்கொண்டால் என்ரை பேருக்குக் கீழே, பார்த்தவர் எண்டு அவருடைய பேரும் வரும்” என்றாள்.

அங்கே எப்போதும் இப்படி இருந்ததில்லையாம். கடுஞ்சொல்லுக்குப் பெயர்போன டோர்வால்ட்ஸ் 2018இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சிறிது காலம் ஒதுங்கியும் இருந்தார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. காணாமற்போன கணவனைத் தேடும் ஒரு தாயைப் பற்றி, எங்களிடம் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை எழுதிய வீட்டுத் தரிசிப்பு அறிக்கையை, அன்று பகல்தான் ‘பிரயோசனமில்லை’ என்று எழுதித் திருப்பியிருந்தேன். எங்கே பிழை என்று காட்டவில்லை. உண்மையில், நான் அதை முழுதாக வாசிக்கவுமில்லை.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இருவரும் பக்கத்தில் இருந்து வரிவரியாக வாசித்தோம். அந்தத் தாய் கடைசியாகக் கொடுத்த முறைப்பாட்டின் திகதி விடுபட்டிருந்தது. அதை அவளே விசாரித்து எழுதினாள். அடியில் அவள் கையொப்பமிட்டாள். அதன் கீழே நானும் இட்டேன்.

தங்கையின் ஒட்டு மூன்றாம் முறை ஏற்றுக்கொள்ளப்பட்டது.