கருவிக்குப் பின்னால் ஒளிந்த பிழை

பெருங்குடியில் உள்ள ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பயண முன்பதிவுக்கான வலைத்தளங்கள் செய்பவர்கள். அன்று அவர்களை அலைக்கழித்தது ஒரு சலுகைப் பெட்டி. பக்கம் திறந்ததும் ஜாவாஸ்கிரிப்ட் அதை அடிப்பகுதியில் சேர்க்க வேண்டும். சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை.

“அக்கா, என் மெஷின்ல ஒரு தடவைகூட எரர் வரலை” என்றார் ஓர் இளைஞர், அங்கே எல்லோரும் அக்கா என்று அழைக்கும் மூத்த நிரலாளரிடம். ஆனால் வாடிக்கையாளர்களின் பிரவுசர்களிலிருந்து வந்த லாகில் ஒரே புகார் திரும்பத் திரும்ப இருந்தது: பெட்டியை ஒட்டவேண்டிய இடத்தைத் தேடினால் ‘நல்’ கிடைக்கிறது. அதாவது, அந்த நொடியில் அப்படியோர் இடமே பக்கத்தில் இல்லை.

அக்கா இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, 7 காலத்து ஆள். பாடி டேக் மூடுவதற்கு முன்பே, அதற்குள் வேறொரு டேக்கில் இருக்கும் ஸ்கிரிப்ட் பாடியின் கடைசியில் எதையாவது ஒட்டப்போனால் ‘ஆபரேஷன் அபார்ட்டட்’ என்று வரும். ஓகே கொடுத்தால் பக்கமே போய்விடும். 2009இல் வந்த 8ஆம் பதிப்பில்தான் அது நின்றது. “அப்ப கண்ணுக்கு முன்னாடி உடையும். இப்ப சத்தமே இல்லாம உடையுது” என்றார்.

பிரவுசர் எச்டிஎம்எல்லை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே உறுப்புகளை உருவாக்குகிறது. பெட்டியைச் சேர்க்கும் ஸ்கிரிப்டில் ‘அசிங்க்’ போட்டிருந்தார்கள்; அப்படிப்பட்ட ஸ்கிரிப்ட் வந்து சேர்ந்த உடனே ஓடிவிடும். பக்கம் எதுவரை படிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காது. தாமதமாக வந்தால் இடம் தயார். முந்திக்கொண்டால் நல்.

அக்கா இளைஞரின் திரையைப் பார்த்தார். டெவ்டூல்ஸில் ‘டிசேபிள் கேஷ்’ டிக் செய்யப்பட்டிருந்தது. டெவ்டூல்ஸ் திறந்திருக்கும்வரை அது செயல்படும். இளைஞரோ நாள் முழுக்கத் திறந்துவைத்தே வேலை செய்பவர். அதனால் ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்ட் புதிதாக இறங்கியது, அதற்குள் பக்கம் முழுவதும் படித்து முடிந்திருந்தது. இரண்டாம் முறை வரும் வாடிக்கையாளரின் போனில் ஸ்கிரிப்ட் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கும். பாதிப் பக்கம் வருமுன்பே அது ஓடிவிடும். பிழையைத் தேடத் திறந்த கருவியே பிழையை மறைத்திருக்கிறது.

டிக்கை எடுத்தார்கள், நெட்வொர்க்கை 3ஜி வேகத்துக்குக் குறைத்தார்கள். இப்போது ரீலோடு செய்யும்போதெல்லாம் சிவப்பு எரர் வரி.

“செட்டைம்அவுட்ல அரை செகண்ட் தாமதம் கொடுத்துடலாமா அக்கா?”

“யாரோட போனுக்குப்பா அரை செகண்ட்?”

‘அசிங்க்’ இருந்த இடத்தில் ‘டிஃபர்’ என்று அக்கா மாற்றினார். பக்கம் படித்து முடிந்த பிறகே அப்படிப்பட்ட ஸ்கிரிப்ட் ஓடும். திருத்தம் ஒரே சொல்தான். ஆனால் அதைச் செய்யும் உரிமை, பிழையை நினைத்தபோது வரவழைக்க முடிந்த பிறகே கிடைத்தது. அதே மெதுவான நெட்வொர்க்கில் மறுபடி ரீலோடு செய்து, சிவப்பு வரி வரவில்லை என்று பார்த்த பின்தான் அக்கா நிரலை அனுப்பச் சொன்னார்.